பாலைவனத்து உச்சிமலை ஏறணும் என்றால் எதில் ஏறுவது: ஜெபல் ஷம்ஸா, கத்ரீனாவா, உம் அத் தாமியா, குரு சிகரமா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அழகர்மலையில் ராக்காயி அம்மன் கோயில் வரை நடந்து ஏறி இறங்கிவிட்டு, கீழே டீயும் பருப்பு வடையுமாக உட்கார்ந்திருந்தோம். ஐ.டி.யில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் ஆரம்பித்தான். காட்டு மலை எல்லாம் ஏறியாச்சு, ஒருமுறையாவது மரமே இல்லாத பாலைவனத்துக்குப் போய் அந்த நிலத்திலேயே உயரமான மலை எதுவோ அதன் உச்சியில் நிற்கணும் என்றான். பேங்கில் ரிடையர் ஆன அண்ணன் ஒருவர் உடனே ராஜஸ்தான் என்றார், விசா தொல்லை இல்லையாம். கல்லூரியில் பாடம் எடுக்கும் அக்கா எகிப்து என்றார். தம்பி செல்போனில் ஓமான் படத்தைக் காட்டினான். கடைசியில் மூன்று பேரும் என் பக்கம் திரும்பினார்கள், நான் இதில் இரண்டு மலை ஏறியவன் என்பதால்.

அன்றைக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு இன்னும் நான்கைந்து பேர் இதையே கேட்டதால் நிதானமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

## முதலில் எதை வைத்துப் பார்ப்பது

எல்லோரும் முதலில் கேட்பது எத்தனை மீட்டர் என்றுதான். என்னைக் கேட்டால் பாலைவன மலையில் உயரத்துக்கு மூன்றாவதோ நான்காவதோ இடம்தான். நான் முதலில் கேட்பது: வண்டியையும் தண்ணீரையும் விட்டு எத்தனை மணி நேர தூரம் விலகிப் போகிறோம்?

சதுரகிரியிலோ சிறுமலையிலோ வியர்வை சட்டையை நனைத்து முதுகில் ஒட்டும். உடம்பிலிருந்து தண்ணீர் போகிறது என்று சட்டையே சொல்லிவிடும். பாலைவனக் காற்று அப்படி இல்லை. அது காய்ந்த காற்று, வியர்வை வந்த கணமே ஆவியாகிவிடும், சட்டை காய்ந்தே கிடக்கும், நமக்கு வியர்க்கவே இல்லை போல இருக்கும். தாகம் எடுத்து உட்காரும்போது ஏற்கெனவே நிறைய இழந்திருப்போம். மதுரை வெயிலைப் பார்த்தவனுக்கு இதெல்லாம் ஒரு வெயிலா என்று நினைத்துப் போகிறவர்கள்தான் அங்கே தலை சுற்றி உட்காருகிறார்கள். நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன், அதைக் கீழே சொல்கிறேன். முழுநாள் நடைக்கு ஆளுக்கு 4 முதல் 5 லிட்டர் வேண்டும். ஒரு லிட்டர் ஒரு கிலோ, ஆகவே சாப்பாடு, ஜெர்கின் எல்லாம் வைப்பதற்கு முன்பே முதுகில் 5 கிலோ ஏறிவிடும். வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருந்தாலும் போதாது, உப்பும் சேர்ந்து போகிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, அவ்வளவுதான் கரைசல்.

இரண்டாவது, இறக்கம். பாலைவன மலைகளில் மண் கிடையாது, பெயர்ந்த கல்லும் சரளையும்தான். ஏறும்போது மூச்சு வாங்கும், அது நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போது முட்டி வாங்கும் அடி நின்றால் சரியாகாது. யானைமலையில் ஏறிவிட்டு இறங்கும்போது உங்களுக்கு முட்டி வலிக்கிறதா, அந்த அளவை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மூன்றாவது, குளிர். பாலைவனத்தில் குளிரா என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மேகம் இல்லை, காற்றில் ஈரம் இல்லை, அதனால் பகலில் வாங்கிய சூட்டைப் பாறை ராத்திரியில் அப்படியே வானத்துக்கு விட்டுவிடும். இதோடு உயரமும் சேர்கிறது, ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறேழு டிகிரி குறையும், காய்ந்த காற்றில் இன்னும் அதிகமாகவே குறையும்.

நான்காவது, வெள்ளம். இதுவும் பாலைவனத்தில்தான். அங்கே வாதி என்று சொல்வது வேறொன்றும் இல்லை, நம் வைகை போல வருஷத்தில் பெரும்பாலான நாள் மணலாகக் கிடக்கும் ஆறு. எங்கோ மலையில் பெய்த மழை, வானம் வெளுத்திருக்கும்போதே வந்து சேரும். சதுரகிரியில் 2015 மே மாதம் திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் இறந்ததை இந்தப் பக்கத்து ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஓமானில் 2024 ஏப்ரலில் இதே மாதிரி வாதி வெள்ளத்தில் பள்ளிக் குழந்தைகள் உட்படப் பலர் இறந்தார்கள். மழை அறிவிப்பு இருந்தால் மலை அடுத்த வருஷமும் அங்கேதான் இருக்கும், திரும்பி வந்துவிடுங்கள்.

அப்புறம் வழிகாட்டி, விசா, கண்ணுக்குத் தெரியாத செலவு. இவற்றை அந்தந்த மலையில் பார்க்கலாம்.

| | ஜெபல் ஷம்ஸ் | ஜபல் கத்ரீனா | உம் அத் தாமி | குரு சிகரம் |
|---|---|---|---|---|
| எங்கே | ஓமான், ஹஜர் மலைத்தொடர் | எகிப்து, தெற்கு சினாய் | ஜோர்டான், சவூதி எல்லை ஓரம் | ராஜஸ்தான், மவுண்ட் அபு |
| உயரம் (மீட்டர்) | 3,009 (நடப்பவர்கள் போவது 2,997) | 2,629 | 1,854 | 1,722 |
| நம் ஊர்க் கணக்கு | ஆனைமுடியை விட 300 மீட்டர் கூட | தொட்டபெட்டா அளவு | கொடைக்கானல் ஊரை விடக் கீழே | அதை விடவும் கீழே |
| ஏறி இறங்க | 9 முதல் 11 மணி நேரம் | ஒரு முழு நாள், வசதியாக என்றால் இரண்டு நாள் | 3 முதல் 4 மணி நேரம், ஜீப் பயணம் தனி | உச்சியின் பக்கம் வரை கார் |
| வழியில் தண்ணீர் | இல்லை | ஓர் ஊற்று உண்டு, நம்பிப் போகாதீர்கள் | இல்லை, ஜீப்பில் இருக்கும் | கடைகளே உண்டு |
| வழிகாட்டி | கட்டாயம் இல்லை | கட்டாயம் | ஜீப்போடு வருவார் | தேவையில்லை |
| நல்ல மாதங்கள் | அக்டோபர்–மார்ச் | மார்ச்–மே, செப்டம்பர்–நவம்பர் | மார்ச்–மே, செப்டம்பர்–நவம்பர் | அக்டோபர்–மார்ச் |

## ஜெபல் ஷம்ஸ்: முழு நாள், முழு மலை

அரபியில் ஜெபல் (ஜபல்) என்றால் மலை, ஷம்ஸ் என்றால் சூரியன். ஓமானிலேயே உயரமான மலை இதுதான். ஒரு சின்ன வில்லங்கம் உண்டு. 3,009 மீட்டர் உச்சியில் ராணுவம் இருக்கிறது, பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. நாம் ஏறுவது பக்கத்தில் உள்ள தெற்கு உச்சி, 2,997 மீட்டர். 12 மீட்டர் குறைகிறதே என்று எங்கள் தம்பி முகம் சுளித்தான். அவனிடம் சொன்னேன், எமிரேட்ஸில் ஜெபல் ஜைஸுக்குப் போனாலும் மலையின் நிஜமான உச்சி எல்லை தாண்டி ஓமான் பக்கம்தான் கிடக்கிறது, சவூதியிலோ எது உயரமான மலை என்பதே சௌதாவா ஃபெர்வாவா என்று இரண்டு மலைக்கு நடுவில் இழுபறி. 12 மீட்டருக்காக ஒரு நாட்டையே ஒதுக்கினால் கடைசியில் ஏற மலை இருக்காது.

பாதைக்கு டபிள்யூ4 என்று பெயர். சுமார் 2,000 மீட்டரில் இருக்கும் மேட்டு நிலத்திலிருந்து தொடங்கி, கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் ஏற வேண்டும். பாறையில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று பெயிண்ட் பட்டை அடித்திருப்பார்கள், ஒன்றைத் தாண்டும்போது அடுத்தது கண்ணில் பட வேண்டும், படவில்லை என்றால் நின்று திரும்பிப் பாருங்கள். முதல் பகுதியில் வாதி நக்ர் பள்ளத்தாக்கின் விளிம்பை ஒட்டிப் போகும், ஆயிரம் மீட்டர் ஆழம். எட்டிப் பார்க்கும்போது அடியில் இருக்கும் பேரீச்சந்தோப்பு பச்சைப் பொட்டு மாதிரி தெரியும். மேலே போகப் போக வயசான ஜூனிபர் மரங்கள், காட்டு ஆலிவ் மரங்கள். பாலைவனத்தில் இத்தனை முறுக்கேறிய மரங்களை நான் எதிர்பார்க்கவில்லை.

நான் போனது ஒரு டிசம்பரில். மஸ்கட்டில் வேலை செய்யும் என் மச்சானுக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான் லீவு. வியாழன் ராத்திரியே கிளம்பி நிஸ்வாவில் தங்கிவிட்டோம். காலை நாலு மணிக்கு எழுந்து மலைக்குப் போவதாகத் திட்டம். மச்சான் சொன்னான், "மாமா, இங்க வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை, பார்க்காம போனா பாவம்." எனக்குத் திருமங்கலம் சந்தை ஞாபகம் வந்துவிட்டது, அதுவும் வெள்ளிக்கிழமைதான். ஆனால் இங்கே வாங்குகிறவர்கள் வட்டமாக உட்கார்ந்திருக்க, விற்கிறவர் ஆட்டை இழுத்துக்கொண்டு வட்டத்தைச் சுற்றி ஓடுகிறார், விலை கத்திக்கொண்டே. எட்டு மணி வரை அங்கேயே நின்றுவிட்டோம்.

மலைப்பாதையில் கால் வைத்தபோது மணி பத்து. ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர் வைத்திருந்தோம். டிசம்பர் வெயில்தானே, போதும் என்று நினைப்பு. இதோ உச்சி என்று நினைத்து ஏறினால் பின்னால் இன்னொரு மேடு, அதன் பின்னால் இன்னொன்று. மூன்றாவது மேட்டில் என் பாட்டில் காலி. உச்சி சேர்ந்தபோது மூன்று மணி. கால் மணி நேரம்தான் நின்றோம், மச்சானுக்குத் தலைவலி (3,000 மீட்டரில் லேசாக வரக்கூடியதுதான், தண்ணீர் குறைந்தால் இன்னும் சேரும்). திரும்பும் வழியில் எதிரே வந்த ஒரு ஜோடி மேலே கூடாரம் போடப் போனார்கள், எங்கள் முகத்தைப் பார்த்து அவர்களாகவே ஒரு லிட்டர் கொடுத்தார்கள். ஐந்தரைக்கெல்லாம் சூரியன் போய்விட்டது. கடைசி இரண்டு மணி நேரம் செல்போன் டார்ச்சில், பெயிண்ட் பட்டையைத் தேடித் தேடி, பல் கிட்டிக்கொண்டு இறங்கினோம். மச்சான் நெற்றியில் கட்டும் டார்ச் எல்லாம் எதுக்கு மாமா என்று கேட்டவன், மறுநாளே இரண்டு வாங்கினான்.

ஆகவே இதில் மறைந்திருக்கும் செலவு எல்லாம் நேரத்திலும் காரிலும்தான். நான் போனபோது அல் ஹம்ரா ஊரைத் தாண்டிய பிறகு வரும் ஏற்றத்தில் சரளைச் சாலை இருந்தது. சாதாரணக் கார் போகாது என்று இல்லை, போகும், ஆனால் வாடகைக் கார் ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள், மண் சாலையில் ஆகும் சேதத்துக்குக் காப்பீடு கிடையாது என்று ஒரு வரி இருக்கும். எங்களுக்கு ஒரு டயர் போயிற்று, அந்த வரியின் விலை அன்றைக்குத்தான் தெரிந்தது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி எடுங்கள், பெட்ரோலை அல் ஹம்ராவிலேயே நிரப்புங்கள். ஓமான் ரியால் ஒன்றுக்கு 2.6 டாலர், அதாவது 220 ரூபாய்க்கு மேல். எண் சிறியதாக இருப்பதால் செலவும் சிறியது என்று தோன்றும், அங்கேதான் ஏமாறுவோம். விமானம் சென்னை அல்லது கொச்சியிலிருந்து மஸ்கட், அங்கிருந்து மேலே வரை சாலையில் மூன்று, மூன்றரை மணி நேரம்.

இன்னொன்று, பொடி, இனிப்பு கட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு: வளைகுடா நாடுகள் பலவற்றில் கசகசா போதைப்பொருள் பட்டியலில் இருக்கிறது. அம்மா அன்பாகச் செய்த மசாலாவுக்காக விமான நிலையத்தில் உட்கார வேண்டாம். கடலை மிட்டாய், வறுத்த கடலை, புளிச்சோறு, இவை போதும்.

யாருக்கு நல்லது: பத்து மணி நேரம் நடக்கத் தெரிந்தவர்களுக்கு, வளைகுடாவில் சொந்தக்காரர் இருப்பவர்களுக்கு. கூட வருகிறவர்களில் ஒருவருக்கு முடியாது என்றால்கூடக் கெடுதல் இல்லை, அதே மேட்டு நிலத்திலிருந்து டபிள்யூ6 என்ற பாதை பள்ளத்தாக்கின் பக்கவாட்டில் ஓரளவு சமமாகப் போய், ஆட்கள் விட்டுப் போன அஸ் ஸாப் என்ற பழைய கிராமத்தில் முடிகிறது. அரை நாள் நடை. உச்சி கிடையாது, ஆனால் காட்சிக்கு டபிள்யூ4ஐ விட அதுவே மேல் என்று என் மச்சான் இன்றும் வாதாடுவான்.

## உம் அத் தாமி: குடும்பத்தோடு போகக்கூடிய உச்சி

ஜோர்டானில் வாதி ரம் என்றால் சிவப்பு மணலும் அதிலிருந்து சுவர் மாதிரி எழும்பும் பாறையும். 2011இல் யுனெஸ்கோ உலக பாரம்பரிய இடமாக அறிவித்தது. அங்கே கிராமத்துப் பக்கத்தில் நிற்கும் ஜெபல் ரம்தான் நாட்டிலேயே உயரம் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். தெற்கே சவூதி எல்லையை ஒட்டி இருக்கும் உம் அத் தாமி அதை விட உயரம் என்று பிறகுதான் உறுதியானது. ஜெபல் ரம் கயிறு கட்டி ஏறும் ஆட்களின் மலை. உம் அத் தாமிக்குக் கயிறு தேவையில்லை, சில இடங்களில் கையை ஊன்றி ஏறினால் போதும், வழியில் கல்லை அடுக்கி அடையாளம் வைத்திருப்பார்கள்.

மனைவியையும் 13 வயசுப் பையனையும் கூட்டிக்கொண்டு போனது இங்கேதான். வாதி ரம் கிராமத்திலிருந்து பெதுயின் (பாலைவனத்து அரபு நாடோடிக் குலம்) ஓட்டுநரின் ஜீப்பில் மணலில் ஒன்றரை மணி நேரம். அந்த ஜீப் பயணமே பாதி அனுபவம், பையனுக்கு முக்கால். மலை அடிவாரத்தில் இறங்கி இரண்டு மணி நேரத்துக்குள் உச்சி. மேலே நின்றால் ஒரு பக்கம் முழுக்க சவூதி. வானம் தெளிவாக இருந்தால் செங்கடல் தெரியும் என்பார்கள், எங்களுக்குப் புழுதிதான் தெரிந்தது. கீழே வரும்போது ஓட்டுநர் சுள்ளி பொறுக்கித் தீ மூட்டி டீ வைத்திருந்தார், மரமியா என்று ஓர் இலை போட்டு, நம் ஊர் ஜிகர்தண்டா அளவுக்குச் சர்க்கரை. என் மனைவி இரண்டு கிளாஸ் குடித்தாள், வீட்டில் சர்க்கரை இல்லாமல் குடிப்பவள்.

தண்ணீர்க் கணக்கில் நான்கு மணி நேரம்தான் வண்டியை விட்டு விலகுகிறோம். ஆளுக்கு இரண்டரை லிட்டர் போதும், மிச்சம் ஜீப்பில் இருக்கும். முட்டிக்கும் இது தாங்கும். ஆனால் பர்ஸ் வேறு கதை. மதுரையிலிருந்து அம்மானுக்கு நேர் விமானம் கிடையாது, துபாய் மாதிரி எங்காவது மாறித்தான் போக வேண்டும். அம்மானிலிருந்து வாதி ரம் வரை சாலையில் நான்கு மணி நேரம். இவ்வளவு தூரம் போய் ஒரு மலையை மட்டும் ஏறிவிட்டுத் திரும்பினால் மனசு கேட்காது, பெட்ராவைப் பார்க்காமல் யாரும் வரப்போவதில்லை. அங்கே ஒரு கணக்கு போடுங்கள். விசா 40 தினார், பெட்ரா ஒரு நாள் டிக்கெட் 50 தினார், ஆகமொத்தம் 90. ஜோர்டான் பாஸ் என்று முன்கூட்டியே இணையத்தில் வாங்கினால் 70 தினாரில் ஆரம்பம், இரண்டும் வாதி ரம் நுழைவும் அதிலேயே அடக்கம், ஆனால் நாட்டில் குறைந்தது மூன்று ராத்திரி தங்க வேண்டும். ஒரு தினார் 1.41 டாலர். ஜீப் வாடகை ஆளுக்கு இல்லை, வண்டிக்கு என்று பேசுங்கள், தனியாகப் போகிறவருக்கு இது வலிக்கும், நாலு பேர் என்றால் சுகம்.

இரண்டு விஷயம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. உச்சிக்குப் பக்கத்தில் போன் சவூதி நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும், ரோமிங் அணைக்காமல் அங்கிருந்து அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன், பில்லைப் பார்த்த பிறகு அம்மாவிடமே சொல்லவில்லை. அடுத்தது கொஞ்சம் பெரியது. அந்த வட்டாரத்தில் சண்டை மூண்டால் வானம் மூடும். 2024 ஏப்ரலிலும் 2025 ஜூனிலும் ஜோர்டான் தன் வான்வழியைத் தற்காலிகமாக மூடியது. தேதி மாற்ற முடியாத மலிவு டிக்கெட் வாங்கினால் அந்த மலிவு நிலைக்காமல் போகலாம்.

## ஜபல் கத்ரீனா: இரண்டு நாள் கொடுக்க முடிந்தால்

இதில் நான் ஏறவில்லை, என் சித்தப்பா மகன் ஏறினான். அவன் சொன்னதையும் நான் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

சினாய் என்றதும் எல்லோரும் போவது ஜபல் மூஸாவுக்கு, மோசஸ் கட்டளைகளைப் பெற்ற மலை என்று நம்பப்படுவது, 2,285 மீட்டர். நடு ராத்திரியில் கிளம்பிச் சூரிய உதயம் பார்க்கும் கூட்டம், ஒட்டகப் பாதை, துறவிகள் போட்ட 3,750 படிகள். பௌர்ணமிக்குச் சதுரகிரி பார்த்தவர்களுக்கு அந்தக் கூட்டம் புதிதல்ல. ஆனால் எகிப்தின் உயரமான மலை அது இல்லை, பக்கத்தில் சத்தமில்லாமல் நிற்கும் கத்ரீனா. அங்கே கூட்டம் இல்லை. கீழே 6ஆம் நூற்றாண்டில் ஜஸ்டீனியன் பேரரசர் காலத்தில் கட்டிய புனித கத்ரீனா மடாலயம் இன்றும் இயங்குகிறது, அந்தப் புனிதையின் உடலைத் துறவிகள் இந்த உச்சியில் கண்டெடுத்தார்கள் என்பது ஐதீகம், மேலே ஒரு சிறு தேவாலயம் இருக்கிறது.

வழியில் கௌதாரியின் பெயரைச் சொல்லும் ஓர் ஊற்று உண்டு. அழகர்மலையில் காய்ந்த பாறைக்கு நடுவே நூபுர கங்கை வருவது போல என்று அவன் சொன்னபோது எனக்கு இந்த மலை மேல் ஆசை வந்ததே அதனால்தான். ஜெபலியா என்ற பெதுயின் குலத்தவர்தான் இங்கே வழிகாட்டிகள், அவர்கள் இல்லாமல் போகக் கூடாது. பள்ளத்தாக்குகளில் கல்சுவர் எழுப்பி பாதாம், பாதாமி வளர்க்கும் தோட்டங்கள் அவர்களுடையவை. அப்படி ஒரு தோட்டத்தில் முதல் ராத்திரி தங்கிவிட்டு மறுநாள் ஏறினால் உடம்புக்கும் நல்லது, உயரத்துக்கும் பழகும்.

வழிகாட்டி கட்டாயம் என்பதைச் சிலர் செலவாகப் பார்க்கிறார்கள். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததற்குப் பிறகு நம் ஊரிலேயே அந்தப் பேச்சு எடுபடாது.

மறைசெலவு: எகிப்து விசாவை முன்கூட்டியே எடுக்க வேண்டும், காகித வேலை மற்ற மூன்றையும் விட அதிகம். ஷர்ம் அல் ஷேக்கிலிருந்து மூன்று மணி நேரச் சாலை, வழியில் சோதனைச் சாவடிகள், பாஸ்போர்ட் கையிலேயே இருக்க வேண்டும். எகிப்திலேயே குளிரான ஊர் இது, குளிர்காலத்தில் பனி விழும் நாளும் உண்டு. சித்தப்பா மகன் மதுரையில் வாங்கிய ஸ்வெட்டரை நம்பிப் போய், அங்கே ஒரு கனத்த கம்பளிக் கோட்டு வாங்கிவந்தான். இங்கே அதைப் போட ஒரு நாள்கூட வரவில்லை, பீரோவில் இருக்கிறது. பயணக் காப்பீடு எடுக்கும்போது மலையேற்றம் அதில் அடக்கமா, எத்தனை மீட்டர் வரை என்று கேளுங்கள். ஷம்ஸுக்கும் இது பொருந்தும்.

நாலு மலையில் மலையோடு சேர்த்து ஒரு கதையும் வேண்டும் என்பவர்களுக்கு இதுதான். நாள் குறைவாக இருப்பவர்களுக்கு இல்லை.

## குரு சிகரம்: அண்ணனின் கட்சி

சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது நடை இல்லை. ராஜஸ்தானிலும் ஆரவல்லியிலும் உயரமான சிகரம், மவுண்ட் அபு ஊரிலிருந்து 15 கிலோமீட்டர், கார் கிட்டத்தட்ட உச்சி வரை போகும், மிச்சம் படிக்கட்டு. மேலே தத்தாத்ரேயர் கோயில், 1411 என்று ஆண்டைச் சொல்லும் ஒரு மணி, பக்கத்தில் 1.2 மீட்டர் தொலைநோக்கி வைத்த வானாய்வகம். அகமதாபாத் போய் ரயிலில் ஆபு ரோடு இறங்கினால் மலைக்கு 28 கிலோமீட்டர்.

பாலைவனமா என்றால், இல்லை. தார் பாலைவனம் மேற்கே தள்ளி இருக்கிறது, மவுண்ட் அபு பச்சைக் காடு, கரடியும் சிறுத்தையும் உண்டு. மாநிலத்தின் பெயரை வைத்துப் பாலைவனம் என்று சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான். தீபாவளி விடுமுறையில் போனால் குஜராத் முழுக்க அங்கே இருக்கும். ஆனால் வயசான அப்பா அம்மாவோடு, விசா இல்லாமல், கோயிலும் பார்த்த மாதிரி போய்வர இதற்கு ஈடு மற்ற மூன்றில் இல்லை. கூடவே ஜெய்சல்மேர் மணலையும் ஒரு நாள் சேர்த்துக்கொண்டால் பாலைவனம் என்ற பேச்சும் பொய்யாகாது.

## அந்த மூன்று பேருக்கு

தம்பிக்கு ஷம்ஸ்தான். ஆனால் ஆட்டுச் சந்தையை மறுநாளைக்கு வைத்துக்கொள்ள முடியாது, அது வெள்ளி மட்டும்தான். சனிக்கிழமை மலை ஏறட்டும். காலை ஆறுக்குள் நடக்க ஆரம்பிக்க வேண்டும், மதியம் ஒரு மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும் என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். அதற்கு முன்னால் முதுகில் 5 லிட்டர் தண்ணீரோடு தாணிப்பாறையிலிருந்து சதுரகிரி ஏறி அன்றே இறங்க வேண்டும், இரண்டு முறை. முதல் முறை போய்விட்டு வந்து, தண்ணீரை வழியில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டேன் என்றான். அது கணக்கில் வராது.

அக்காவுக்குக் கத்ரீனா மேல் ஆசை, ஆனால் கல்லூரியில் மே மாதத்தில்தான் நீண்ட லீவு. மே முதல் வாரம் என்றால் போகலாம், கடைசி வாரம் என்றால் வெயில் ஏறிவிடும், அப்போது அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அதுவரை அவர் உம் அத் தாமி பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறார், ஜீப்புக்கு நாலு பேர் சேர வேண்டும், இப்போதைக்கு இரண்டு பேர்.

அண்ணன் குரு சிகரத்துக்கு டிக்கெட்டே போட்டுவிட்டார். அண்ணியின் முட்டியை முன்னிட்டு என்கிறார். அண்ணி போன வாரம் எங்களோடு யானைமலை ஏறி, அவருக்கு முன்னால் இறங்கி வந்து டீ சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தார்.